நூற்று நாற்பத்தெட்டாவது கோபுரம்

டிசம்பர் 9, சனி

ஐந்து லட்சம் வோல்ட் மின்சாரத்தின் காவலனும் நாற்பது இரும்புக் கோபுரங்களின் தனிப்பெரும் அதிபதியுமான பூலாங்காடு ராக்கியப்பனாகிய நான் இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, என் ராஜ்ஜியத்தில் கலகம் மூண்டது.

மணி 6.11. எங்கள் கொட்டகைக்கு மேலேதான் லைன் போகிறது. கடுகு பொரிவது போன்ற அதன் சத்தம் இரவும் பகலும் ஓய்வதில்லை. அது நின்றது. ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம், அவ்வளவுதான். அதற்குள் பூமி சுற்றுவதை நிறுத்தி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி சுற்றத் தொடங்கியது. நேர்மின்சார லைன் அப்படித்தான். எங்காவது அடிபட்டால் தானே செத்து, தானே பிழைத்துக்கொள்ளும்.

ஐந்து நிமிடத்தில் ஹேமலதா போனில் வந்தாள். என் அக்காள் மகள். ஐம்பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி, லைன் போய்ச் சேரும் கன்வர்ட்டர் ஸ்டேஷனில் உதவிப் பொறியாளர். வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. லைனில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் மேசையின் வேலை.

"சூப்பர்வைசர் அவர்களே," என்றாள். அலுவலக நேரத்தில் நான் மாமா கிடையாது. "59.2 கிலோமீட்டர். டவர் நம்பர் 148. அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு சேத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"உத்தரவு மகாராணி" என்றேன்.

ஜீப்பில் போய்வந்தேன். அறிக்கை: 146, 147, 148, 149, 150 பார்வையிடப்பட்டன. கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டுகள் நலம். கருகிய தடம் இல்லை. பறவை இல்லை.

மதியம் சென்னியப்பன் வைத்த கத்திரிக்காய்க் குழம்பில் ஒரு சமுத்திரத்தின் உப்பு. ஒப்பந்த ஆள், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சமையலையும் சேர்த்துச் செய்வான் என்று நம்பி எடுத்தது என் தவறு.

டிசம்பர் 10, ஞாயிறு

ஜீப்புக்கு டயர் மாற்றினேன். வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

மறுபடியும் 6.11. மறுபடியும் 59.2.

அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று சென்னியப்பன் கேட்டான். பேரரசர்களுக்கே உரிய பொறுமையோடு விளக்கினேன். கம்பியில் ஓரிடத்தில் அடிபட்டதும் அங்கிருந்து ஓர் அலை இரண்டு பக்கமும் ஓடும், ஏறத்தாழ வெளிச்சத்தின் வேகத்தில். லைனின் இரண்டு முனையிலும் கடிகாரங்கள் உண்டு. அலை வந்து தட்டிய நேரத்தை நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் அவை குறித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் முன்னால் வந்தது, எவ்வளவு முன்னால் என்று கழித்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும்.

"அப்பிடின்னா அது பொய்யே சொல்லாதுங்களா?"

"சொல்லாது."

"மனுசனாட்ட இல்லைங்" என்றான். போய்க் குழம்பைக் கிளறு என்றேன்.

அறிக்கை: 148 நலம்.

டிசம்பர் 14, வியாழன்

மூன்றாவது முறை. இந்தத் தடவை ஹேமலதாவின் குரல் இறங்கியிருந்தது.

"மாமா" என்றாள், காலை பத்து மணிக்கே. "உங்க பழைய அறிக்கையெல்லாம் எடுத்துப் படிச்சேன். 148-ல போன ஷட்டவுன்ல காக்காக் கூடு எடுத்திருக்கீங்க. அதுக்கு முந்தின வருசம் மூணு தட்டு புதுசா மாத்தியிருக்கீங்க. மொத்த லைன்லயே நல்லாப் பராமரிச்ச டவர் அதுதான். அங்க எப்படி மாமா திரும்பத் திரும்ப அடிக்கும்?"

"அதுதானே" என்றேன்.

"கூட்டுக்குள்ள வெள்ளிக் கொலுசு ஒண்ணு கெடந்துச்சுன்னு கூட எழுதியிருக்கீங்க. நெசமா?"

"காக்கா ரசனையுள்ள பறவை கண்ணு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தேன். அந்தக் கொலுசை எழுதிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. மழை பெய்துகொண்டிருந்தது, நான் கொட்டகையை விட்டு இறங்கவே இல்லை.

டிசம்பர் 15, வெள்ளி

உண்மையை எழுதிவைத்துவிடுவது நல்லது. இந்த நோட்டை நானே படித்தாலும் என்னையே நம்பமாட்டேன் என்பதால் ஆபத்தில்லை.

148 என்றொரு கோபுரம் கிடையாது.

ஒன்பது வருடத்துக்கு முன் 121 முதல் 160 வரை நட்டது என் தலைமையிலான படை. நட்டுக்கொண்டிருந்தபோது அத்தியப்பன் என்பவன் 128-லிருந்து விழுந்து இறந்தான். எட்டாம் நம்பர் ஆகாது, எட்டில் முடியும் எதிலும் கை வைக்கமாட்டோம் என்று ஆட்கள் பிடிவாதம் பிடித்தார்கள். நம்பர் தகடு அடிக்கும் வேலை என்னுடையது. "எட்டா? எங்கே எட்டு?" என்றேன். 127-க்கு அடுத்து 129. 137-க்கு அடுத்து 139. உலக சரித்திரத்தில் ஓர் எண்ணையே நாடுகடத்திய ஒரே ஆள் நான்தான். கடைசியில் நாலு கோபுரம் மிஞ்சியது. 160-க்குப் பின்னால் ஏ, பி, சி, டி என்று வால் ஒட்டினேன். லைன் வளையும் இடங்களில் இப்படி வால் வைத்த கோபுரங்கள் வழக்கம்தான், யாரும் கேட்கவில்லை.

ஆனால் தலைமை அலுவலகப் பட்டியலில் எட்டுகள் இருக்கின்றன. மாதா மாதம் நாற்பது கட்டத்தையும் நிரப்ப வேண்டும். நிரப்பினேன். இல்லாத நாலு கோபுரங்களுக்கும் ஒன்பது வருடமாக நோய்நொடி, தேன்கூடு, காக்கா, துரு எல்லாம் நானே தந்து வளர்த்துவந்தேன். அவைதான் என் சிறந்த படைப்புகள்.

இப்போது அதில் ஒன்று விடியற்காலையில் எழுந்து என்னைக் கூப்பிடுகிறது.

டிசம்பர் 17, ஞாயிறு

மார்கழி பிறந்தது. பனி, கை நீட்டினால் விரல் தெரியாத பனி.

துணைப் பொது மேலாளர் சாரங்கபாணி ஹேமலதாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: "களத்துல இருக்கிறவர் ஒண்ணுமில்லைங்கிறார். நீங்க மட்டும் இருக்குங்கிறீங்க. ரெண்டுல ஒண்ணு தப்பு. கருவிக்குள்ள லைன் நீளத்தைத் தப்பாப் போட்டிருக்கீங்கன்னு நெனக்கிறேன்." 27-ஆம் தேதிக்குள் அவள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தவறு அவளுடையது என்று ஆனால் வேலை நிரந்தரம் ஆகாது. சொல்லி அழுதாள் என்று எழுதமாட்டேன். மூக்கை உறிஞ்சினாள்.

நான் வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது. ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். தானாகச் சரியாகிவிடும். மின்சாரத்துக்கும் மனம் உண்டு.

டிசம்பர் 18, திங்கள்

தனியாகப் போனேன். ஆறு மணிக்கு 147-க்கும் 149-க்கும் நடுவில், சோளம் அறுத்த வெறுங்காட்டில் நின்றேன். அங்கே கோபுரம் இல்லை. இருக்கவும் கூடாது.

தலைக்கு மேலே கம்பி தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. கைமயிர் எல்லாம் எழுந்து ஒரே பக்கமாகச் சாய்ந்தது. கீழ்க்காற்று அடிக்கவில்லை. புதுக் கல்குவாரி இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்துச் சாய்ந்தது, யாரோ அங்கிருந்து இழுப்பது போல.

6.11-க்குச் சத்தம் நின்றது. அந்த இடைவெளிக்குள் ஒரு மனிதன் மூச்சை இழுப்பது கேட்டது. நான்தான் இழுத்திருப்பேன்.

149 பார்த்தேன். 150 பார்த்தேன். விதிப்படி அத்துடன் போதும். 151 பக்கம் போகவில்லை.

டிசம்பர் 20, புதன்

எனக்குக் காய்ச்சல். உலகிலேயே மிகப் பெரிய காய்ச்சல், நெற்றியில் தோசை வார்க்கலாம். சென்னியப்பனைத் தனியாக அனுப்பினேன். வேண்டுமென்றேதான் அனுப்பினேன். 148 இல்லை என்று அவனே வந்து சொல்லட்டும், கண்டுபிடித்தவன் அவனாக இருக்கட்டும்.

எட்டரைக்குத் திரும்பினான்.

"நூத்தி நாப்பத்தெட்டப் பாத்தனுங்ணா."

"எதை?"

"நூத்தி நாப்பத்தெட்டுங். பனியில தட்டு ஒண்ணும் சரியாத் தெரியல. நீங்க வேற ஆளு அனுப்பியிருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்ணா?"

"வேற ஆளா?"

"மேல, கம்பி தொங்கற குறுக்குக் கையில உக்காந்திருந்தாருங். காலுதான் தெரிஞ்சுது. ரெண்டு காலையும் ஆட்டிக்கிட்டு. லைனு ஓடிட்டு இருக்குது, எறங்குங்கன்னு சத்தம் போட்டனுங். இடுப்புல கயிறே இல்லீங்."

உளறாதே என்றேன்.

"உளறலைங்" என்றான். கோபித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டான்.

டிசம்பர் 21, வியாழன்

6.11. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 22, வெள்ளி

ஹேமலதா நேரில் வந்தாள். கையில் கடிதம். கருவிக்குள் லைன் நீளத்தைப் பதிந்ததில் தான் செய்த பிழையே எல்லாக் குழப்பத்துக்கும் காரணம், பொறுத்தருள்க என்று ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். கையெழுத்து மட்டும் பாக்கி.

"தப்பு செஞ்சியா?" என்றேன்.

"இல்ல மாமா. நாப்பது தடவ போட்டுப் பாத்துட்டேன். அதே 148-தான் வருது."

"அப்புறம் எதுக்கு எழுதறே?"

"நீங்க அங்க நின்னு பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு எழுதறீங்க. வீட்டுல நீங்க விடற கதையெல்லாம் எனக்குத் தெரியாதா? கெணத்துல முதலை புடிச்சேன்னு சொன்னவரு. ஆனா லைன்ல பொய் சொன்னா ஆளு சாகும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். உங்க கண்ணத் தப்புன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

காப்பி போட எழுந்தேன். வெளியே சென்னியப்பன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏப்பா, அன்னைக்கு 148-னு எப்படிக் கண்டுபுடிச்சே? தகடு பாத்தியா?"

"எனக்குப் படிக்க வராதுங்களே. தார்ரோட்டுப் பக்கத்துலது நூத்தி இருவத்தொண்ணுன்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்க. அங்கிருந்து ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே போனனுங். இருவத்தெட்டாவது."

நோட்டை எடுத்து நானும் எண்ணினேன். பட்டியல்படி 148 ஆகவேண்டிய இருபத்தெட்டாவது கோபுரத்தில் நான் அடித்த தகடு 151.

எண்ணத் தேவையே இருக்கவில்லை. அது எனக்கு முன்பே தெரியும்.

ஹேமலதா கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்காள் கொடுத்தனுப்பிய முறுக்கை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். ஜீப் வரைக்கும் போனாள். நான் கூப்பிட்டேன்.

டிசம்பர் 23, சனி

நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். எட்டை நாடுகடத்தியது, காக்காக் கூடு, கொலுசு, மூன்று புதுத் தட்டு. ஹேமலதா ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஒம்பது வருசம்" என்றாள். மறுபடியும் "ஒம்பது வருசம்" என்றாள். கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கிழிக்கவில்லை.

இன்று சாரங்கபாணிக்கு என் முன்னாலேயே போன் போட்டுச் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பு கொட்டகை முழுக்கக் கேட்டது.

"நாலு டவர் காணோமா? யாரு, உங்க மாமாவா சொன்னாரு? அம்மா, அவரைப் பத்தி மொத்த லைனுக்கும் தெரியும். அக்கா பொண்ணைக் காப்பாத்த நல்ல கதை கட்டியிருக்காரு. இருபத்தேழுக்குள்ள கடிதம் வந்தாகணும்."

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கலப்படமும் இல்லாமல் சொன்னேன். அதற்கு இந்த வரவேற்பு.

போனை நானே வாங்கினேன். "ஐயா, ஒரே ஒரு விடியக்காலை வாங்க. நான் சொன்னது பொய்யா இருந்தா அங்கேயே ராஜினாமா எழுதித் தர்றேன்" என்றேன். மறுமுனையில் சிரிப்பு நின்றது.

டிசம்பர் 26, செவ்வாய்

சாரங்கபாணி வந்தார். காதுக்கு மப்ளர், கையில் தொலைநோக்கி. நாலு பேரும் மூன்று மணிக்கே தார்ரோட்டில் இறங்கிப் பனிக்குள் நடந்தோம். சென்னியப்பன் எண்ணிக்கொண்டே வந்தான். இருபத்தொன்றில் எண்ணிக்கை தவறி, திரும்ப முதலில் இருந்து வருகிறேன் என்று போய்விட்டான். நான் நிற்கவில்லை. போய் நின்றேன். 151 என்று என் கையால் அடித்த தகடு, ஈரத்தில் மினுங்கியது.

சத்தம் அங்கே வேறு மாதிரி இருந்தது. பொரியவில்லை. முனகியது.

6.11. மேலே பனிக்குள் நீலமாக ஒன்று பிறந்தது. முதலில் ஒரு தட்டின் விளிம்பில் புழுப் போல நெளிந்தது. அடுத்த தட்டுக்கு இறங்கியது, அடுத்ததற்கு. அவசரமே இல்லாமல், ஏணிப்படி இறங்குவது போல இறங்கியது. பிறகு தட்டுகளின் முழுச் சரமும் ஒரே வெள்ளையாக வெடித்தது. அந்த வெளிச்சத்தில் பனி முழுக்க ஒரு கணம் சுவராக நின்றது. அந்தச் சுவரில் நிழல்கள் விழுந்தன. எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ண வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கடுகு வாசம் போல ஒரு வாசம். சாரங்கபாணி மப்ளரை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். வெளிச்சம் வந்ததும் தொலைநோக்கியில் பார்த்தார். குவாரித் தூசி தட்டு தட்டாக அப்பியிருந்தது. அது பனியில் நனைந்து சேறாகி, மின்சாரம் அதன்மேல் வழிந்து இறங்கியிருக்கிறது. பதினோரு தட்டுகள் கருகி, இரண்டு விரிசல் விட்டிருந்தன. இன்னும் சில நாள் போயிருந்தால் கம்பியே கீழே வந்திருக்கும்.

"அந்தக் கடிதத்தைக் கிழிச்சுடுங்கம்மா" என்றார் ஹேமலதாவிடம். "உங்க கணக்கு சரி. நிரந்தர உத்தரவு இந்த வாரமே வரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். விசாரணை என்ற சொல்லை அவர் சொல்லாமலே கேட்க முடிந்தது.

ஜீப்புக்குத் திரும்பும்போது ஹேமலதா என் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, சென்னியப்பண்ணன் இன்னும் வந்து சேரல. நீங்க எண்ணவே இல்ல. வர்ற வழியில பனியில ஒரு தகடும் தெரியல. நேரா வந்து நின்னீங்க. எப்படி?"

டிசம்பர் 27, புதன்

இன்று லைனை அணைத்தார்கள். அணைத்தாலும் கம்பிக்குள் பழைய மின்சாரம் மணிக்கணக்காகத் தங்கியிருக்கும். மண்ணுக்கு வழி காட்டும் கோலை அருகில் கொண்டுபோனதும் சவுக்கடி போல ஒரு சத்தம். அதன் பிறகுதான் ஆட்கள் ஏறினார்கள். மாலைக்குள் தட்டுகள் மாற்றப்பட்டன.

கொட்டகையில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினேன். ஹேமலதா எதிரே இருந்தாள்.

"நம்பர் தகடு விஷயம் மட்டும் எழுதுங்க மாமா. அது போதும்."

போதாது. 15-ஆம் தேதிப் பக்கத்தில் எழுதியது பாதிதான். அத்தியப்பன் விழுந்தது 128 அல்ல. இருபத்தெட்டாவது கோபுரம், பட்டியலில் 148. ஆட்கள் யாரும் எட்டைக் கண்டு பயப்படவில்லை. அந்த ஒரு நம்பரை மட்டும் விட்டால் கண்ணை உறுத்தும் என்று, சாமி குத்தம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று, நாலையும் நானே விட்டேன். அந்த நம்பரை மாதா மாதம் கோபுரத்தடியில் நின்று என் வாயால் படிக்க முடியாது என்பதுதான் விஷயம்.

அன்றைக்கும் மார்கழி. கோபுரம் பனியில் நனைந்து வழுக்கியது. நான் டீ டம்ளரோடு நின்றேன். "டேய் அத்தியப்பா, நான் இந்த டீயைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள கயிறு இல்லாம ஏறி எறங்கி வந்தீன்னா நீதான்டா இந்த ராஜ்ஜியத்துக்கே தளபதி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் ஏறினான். மேலே போய்க் குறுக்குக் கையில் உட்கார்ந்து காலை ஆட்டிக் காட்டினான்.

விபத்து அறிக்கை எழுதியது நான். குடித்துவிட்டு, சொல் பேச்சுக் கேட்காமல் ஏறினான் என்று எழுதினேன். அவன் வாழ்நாளில் குடித்தவன் இல்லை.

இதை அப்படியே வாக்குமூலத்தில் சேர்த்தேன். ஹேமலதா படித்தாள். பிறகு உறைக்குள் போட்டு ஒட்டினாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 28, வியாழன்

6.11-க்கு லைன் நிற்கவில்லை. என்னைப் பணியிடை நீக்கம் செய்த உத்தரவு பத்து மணிக்கு வந்தது.

டிசம்பர் 30, சனி

பழைய விபத்தை மறுபடி விசாரிக்கிறார்கள் என்று அத்தியப்பன் வீட்டுக்குத் தகவல் போயிருக்கிறது. அவன் மனைவி பாவாத்தாள் இரண்டு பஸ் மாறி வந்துவிட்டாள். நான் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்கதானுங்களா ராக்கியப்பண்ணன்?"

"ஆமாங்."

"குடிக்கலீங்களா அவரு?"

"இல்லீங்."

"ஒரு சொட்டுக்கூட?"

"ஒரு சொட்டுக்கூட இல்லீங். நாந்தான் ஏறச் சொன்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு, மேலே போகும் கம்பியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒம்பது வருசமா, மார்கழி பொறந்தா விடியால விடியால வாசல்ல வந்து நிக்கறாருங். குடிச்சுப்போட்டு உழுந்தவனுக்கு இங்க என்ன வேலைன்னு மூஞ்சியில அடிச்சாப்பல கதவச் சாத்திப்போடுவனுங்."

"ஏதாச்சும் கேப்பாருங்களா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்க மாட்டாருங். எறங்கி வந்துட்டேன்னு மட்டும் சொல்லுவாரு."